நடைக் கொழுக்கட்டை

என் மகன் கங்கப்பன் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. இதில் என் பங்கு எதுவும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எதிலும் என் பங்கு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியான பழக்கம்.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் பேசவேண்டிய அளவு பேசிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் புத்தகம், சாப்பாடு, மறுபடி புத்தகம். "இவரு சம்பளத்துக்கு மட்டும் பேசறவரு" என்பாள் என் மனைவி பூவம்மாள். அவளுடைய அண்ணன் மாதப்பன் எங்கள் கல்யாணப் பந்தியிலேயே, "என்னா மாப்ளே, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தவர். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒரு வருஷம் யோசித்தேன். நல்ல பதில் கிடைத்தபோது பூவம்மாளுக்கு ஆறு மாதம்.

கங்கப்பன் பிறந்த பிறகு பூவம்மாளுக்கு ஒரு துரதிர்ஷ்டம் தொடர்ந்து வந்தது. அவன் முதன்முதலாகச் செய்த எதையும் அவள் பார்க்கவில்லை. குப்புற விழுந்தபோது அவள் தண்ணீர் சேந்தப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் பார்த்தாள். முதல் பல்லையும் ஜோதியம்மாள்தான் கண்டுபிடித்தாள், பால் புகட்டிய கரண்டி 'டக்' என்று தட்டியபோது. தவழ்ந்து வாசப்படி தாண்டிய அன்று வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். நானும் பார்க்கவில்லை. ஓர் அத்தியாயம் முடிந்து தலையைத் தூக்கியபோது ஜோதியம்மாள் பையனைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தாங்க வாத்தியாரே, உங்க பையன் வாசப்படி தாண்டிட்டான். இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா பழையபேட்டையே தாண்டியிருப்பான்."

படி தாண்டினால் பாயசம் வைக்கவேண்டும். பூவம்மாள் வைத்தாள். தான் பார்க்காத ஒன்றுக்காக அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கிண்டிக்கொண்டே இருந்தாள். ஜோதியம்மாள் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அவன் எந்தக் காலை முதலில் வைத்தான் என்று விவரமாகச் சொன்னாள். அன்று பூவம்மாள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபித்துப் பேசவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நடக்கறதையாவது நான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. இவன் உட்கார்ந்தபடியே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனைப் போல என்று எல்லாரும் சொன்னார்கள். பூவம்மாளின் பிறந்த ஊர் ஜவளகிரி. தளிக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர். அங்கே காட்டோரத்தில் அவர்கள் வீட்டு அம்மன் இருக்கிறாள். நடக்கத் தாமதமாகும் பிள்ளையை அந்த அம்மன் வாசலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அங்கிருந்து இறக்கிவிடுவார்கள். பிள்ளை அம்மாவை நோக்கி நடக்கும். நடந்த பிள்ளையின் காலடியில் கொழுக்கட்டைகளை உருட்டிவிடுவார்கள். பூவம்மாள் மஞ்சள் துணி முடிந்து வைத்து வேண்டிக்கொண்டாள்: முதல் அடி உன் வாசலில்தான், தாயே.

வேண்டிக்கொண்ட பிறகு ஒன்று நடந்தது. கங்கப்பன் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தால் அவள் ஓடிவந்து தூக்கிக்கொள்வாள். முதல் அடி இங்கே விழுந்துவிடக் கூடாதே! நடக்கவில்லை என்று வேண்டிக்கொண்டவள், வேண்டிக்கொண்டதால் நடக்கவிடவில்லை. இந்த முரண்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காரணம், காரியம் இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும் அழகைப் பற்றிச் சாயங்காலங்களில் நெடுநேரம் யோசித்தேன். அவளிடம் சொல்லத்தான் இல்லை.

சித்திரையில் பள்ளிக்கூடம் மூடியது. நாகரசம்பட்டியில் எங்கள் அப்பாவின் தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழம் வைக்கோல் வைத்துக் கட்டி வந்தது, மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோக. பூவம்மாள் அரிசிமாவு இடித்து, வெல்லம் தட்டி, எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். நான் இரண்டு புத்தகங்கள் எடுத்துக்கொண்டேன்.

"புள்ளைக்கு எத்தனை துணி எடுத்து வெச்சீங்க?"

"நானா?"

"அதானே. யாரைக் கேக்கறேன் பாரு."

ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குப் பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தளி. தளிக்கு மாதப்பன் மாட்டுவண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு. ராயக்கோட்டை தாண்டி மேடு ஏறும்போதே பஸ் முனகத் தொடங்கியது. கெலமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியேட்டர் கொதித்து, முன்பக்கம் முழுக்க ஆவி. டிரைவர் இறங்கி அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஏரியைத் தேடி டின்னோடு போனார். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் ஒதுங்கினோம்.

பூவம்மாள் துப்பட்டியை விரித்துப் பையனை உட்காரவைத்தாள். பால் சொம்பை எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளிக் கண்ணில் பட்ட ஒரு வீட்டில் காய்ச்சிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"பாத்துக்குங்க. கால் தரையில படக் கூடாது. ஒரு ராத்திரி தாண்டிட்டா போதும்."

"சரி."

"புத்தகத்தப் பாத்துக்குங்கன்னு சொல்லல. புள்ளைய."

"சரி சரி."

நான் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஒருவனை எவ்வளவு நேரம் பார்ப்பது? என்னை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. புத்தகத்தைத் திறந்தேன். பழைய புத்தகம், தையல் விட்டது. மேட்டுக் காற்று ஒன்று வந்தது. நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு அடுத்த தாள் கழன்று பறந்து, துப்பட்டியைத் தாண்டி மண்ணில் விழுந்து, மறுபடி எழும்பி ஓடியது.

கங்கப்பன் கையை ஊன்றினான். பின்பக்கத்தைத் தூக்கினான். எழுந்தான். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே வைத்துக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறவன் போல, தாளைத் துரத்திக்கொண்டு நடந்தான். ஒரு இடத்தில் ஆடினான், நின்றான், யோசித்தான், மறுபடி நடந்தான். தாளின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, அதில் பாதியை வாயில் வைத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்க முடியாது. அது எத்தனையாவது பக்கம் என்று பார்த்தேன். பிறகு ஓடிப்போய் முதலில் தாளைத்தான் பிடுங்கினேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான், என் மகன் நடந்துவிட்டான் என்பது எனக்கு உறைத்தது.

"காகிதம் சிக்கிச்சா மேஷ்ட்ரே?" என்று ஒரு குரல் கேட்டது. பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், மரத்தின் வேர்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பெயர் சாந்தம்மா என்று பிறகு தெரிந்தது. தமிழையும் கன்னடத்தையும் ஒரே வெற்றிலையில் மடித்துப் பேசுகிறவள்; புத்தகத்தைப் பார்த்தே என்னை வாத்தியார், அதாவது 'மேஷ்ட்ரு', ஆக்கிவிட்டாள். "மகன் நடக்கறான், அப்பா காகிதம் பொறுக்கறான். சென்னாகிதே, ரொம்ப நல்லாருக்கு! முதல் வாட்டியா?"

"ஆமாம்" என்றேன். "அம்மா, தயவுசெய்து இதை..."

அதற்குள் பூவம்மாள் சொம்போடு வந்துவிட்டாள்.

"ஏன் அழறான்? கீழ எறக்குனீங்களா?"

சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகளைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் நடந்துவந்த முகம். சொம்பின் சூடு பொறுக்காமல் முந்தானையில் பிடித்திருந்தாள். ஜவளகிரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அரிசிமாவு மூட்டை பஸ்ஸின் கூரைமேல் இருந்தது. மறுபடியும் அவள் இல்லாதபோது, மறுபடியும் நான் புத்தகத்தோடு பக்கத்தில் இருந்தபோது. இதை எந்த வார்த்தையில் சொல்வது?

"பசி போல" என்றேன்.

சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. அன்றுதான் முதல்முறையாக அதற்கு ஒரு வேலை கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெருமை பஸ் கிளம்பும்வரைதான். சாந்தம்மா இடம் மாறி, நேராகப் பூவம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையனின் பாதத்தைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"உன் மகன் இருக்கானே, நல்லா..."

"உங்க ஊர்ல ராகி என்ன விலை விக்குதுங்கம்மா?" என்றேன்.

பூவம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான் வழியில் யாரிடமும் நேரம்கூடக் கேட்காதவன். சாந்தம்மா ராகியின் விலையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அது இருக்கட்டும், இந்தப் பையன்..." என்றாள்.

"ஓசூர் மைசூர் ராஜ்யத்தோட சேந்துடும்னு பேசிக்கறாங்களே, நீங்க என்ன நினைக்கறீங்க?"

"எங்க போனா என்ன மேஷ்ட்ரே, என் எருமை அங்கயும் அதே பால்தான் கறக்கும். உன் மகன்..."

"எருமை எத்தனை?"

இப்படியே தேன்கனிக்கோட்டைவரை பேசினேன். மழை, யானை, புளி இந்த வருஷம் ஏன் காய்க்கவில்லை, அவளுடைய மருமகளின் குணம், எருமைக்கு வரும் கோமாரி. பல வருஷங்கள் சேர்த்துவைத்த பேச்சு முழுவதையும், எனக்கு அக்கறையே இல்லாத விஷயங்களில் செலவழித்தேன். கண்டக்டர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நடுவில் பூவம்மாள் கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடு இல்லையே" என்றாள்.

தேன்கனிக்கோட்டையில் சாந்தம்மா இறங்கினாள். கூரைமேலிருந்து மாம்பழக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இவ்வளவு பேசி மறைச்சதுக்கு, ரெண்டு வார்த்தையில சொல்லியே இருக்கலாம் மேஷ்ட்ரே."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனால் அதற்குள் என் இன்னொரு கஷ்டம் ஆரம்பித்திருந்தது. நடையின் ருசி கண்டுவிட்ட கங்கப்பன் தரையைப் பார்த்தபோதெல்லாம் துள்ளினான். அவனைக் கீழே விட முடியாது. பூவம்மாளிடம் கொடுத்தால் அவள் எங்காவது உட்காரவைப்பாள். எனவே நான் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டில் தூக்கினேன். தளி பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றபோதும் தூக்கினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான், காதைக் கடித்தான், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஒரு பக்கத்தை வளைத்தான்.

தளியில் இறங்கியபோது சித்திரையிலும் குளிர்ந்தது. மாதப்பன் வண்டியோடு நின்றிருந்தார்.

"என்னா மாப்ளே, கையில புத்தகம் இல்ல, புள்ள இருக்குது? மாத்தி எடுத்துகினு வந்துட்டீங்களா?"

"வழியெல்லாம் அவருதாண்ணா தூக்கினு வந்தாரு" என்றாள் பூவம்மாள். "ஒரு வாட்டிகூட என்கிட்ட குடுக்கல."

வண்டியில் இருட்டும் நேரத்தில் அவள் என் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். "உங்களப் பத்தி நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். காட்டுப் பக்கத்திலிருந்து ஈரக் காற்று வந்தது. மாடுகளின் கழுத்துமணிச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்த மாதிரியான மௌனம். ஆனால் அன்று அதில் உட்கார முடியவில்லை, முள் இருந்தது. நல்லவன் என்று பேர் வாங்குவது இவ்வளவு சுலபமா என்று வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பேர் இனிப்பாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுபவித்தபடி ஜவளகிரி போய்ச் சேர்ந்தேன்.

வீட்டிலும் நான் அவனை இறக்கவில்லை. மாமியார் லட்சுமியம்மாள் பார்த்துவிட்டு, "எறக்கி உடுங்க மாப்ளே, தோள்பட்டை கழண்டுடப் போவுது" என்றார். படுக்கும்போதும் அவனை என் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டேன்.

காலையில் எல்லாரும் அம்மன் வாசலுக்குப் போனோம். பங்காளி வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பெரிய தூக்குப்போசி நிறைய வெல்லக் கொழுக்கட்டை, உருண்டையாகப் பிடித்தது. மாதப்பன் புதுத் துண்டைத் தோளில் போட்டு, சம்மணமிட்டு, பையனை மடியில் வைத்துக்கொண்டார். பூவம்மாள் குளித்து ஈரத்தலையோடு அம்மனின் பக்கமாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவள் கண்ணில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். நேற்று வாயை அடைத்துக்கொண்டது நல்லது என்று தோன்றியது. முதல் அடியோ இரண்டாவதோ, அம்மனுக்கு என்னைவிடப் பெருந்தன்மை இருக்கும்.

மாதப்பன் அவனை இறக்கி நிறுத்தினார். கங்கப்பன் உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி நிறுத்தினார். மறுபடி உட்கார்ந்தான். "வாடா கண்ணு, வாடா ராசா" என்றாள் பூவம்மாள். அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆராய ஆரம்பித்தான். நேற்றெல்லாம் இறங்கவேண்டும் என்று என் காதைக் கடித்தவன்! மூன்றாவது தடவை காலை மடக்கிக்கொண்டு, நிற்கவே மறுத்தான்.

"தூக்கித் தூக்கியே வெச்சிருந்தா எப்படி நடப்பான்?" என்றார் மாமியார்.

ஒரு பங்காளி அம்மாள், "எங்க ஊட்டுப் பசங்க எல்லாம் பத்து மாசத்துல ஓடுனாங்க. காலுல ஏதாவது கோளாறு இருக்கப் போவுது, ஆஸ்பத்திரில காட்டு பூவு" என்றாள்.

பூவம்மாளின் நீட்டிய கைகள் மெதுவாக இறங்கின. "நான்தான் நிக்க உடல" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். "தெனம் தெனம் தூக்கித் தூக்கி, நான்தான் கால வீணாக்கிட்டேன்." அம்மனின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாதப்பன் சொன்னபடி என் வாயில் இருந்தது கொழுக்கட்டையாகவே இருந்திருந்தாலும் அன்றைக்கு முழுங்கியிருப்பேன்.

"அவன் நடப்பான்" என்றேன். "நேத்து நடந்தான். கெலமங்கலத்துக்கு முன்னால. நான் பார்த்தேன்."

பூவம்மாள் திரும்பவில்லை.

"எனக்காகச் சொல்லாதீங்க."

"இல்லை பூவு. சத்தியமா. நீ பால் காய்ச்சப் போனப்போ."

"பஸ்ஸு முழுக்க என்னென்னமோ பேசுனீங்க. எருமைக்கு வர்ற சீக்கு வரைக்கும் பேசுனீங்க. இதச் சொல்லல?"

"இதைச் சொல்லாம இருக்கத்தான் அதையெல்லாம் பேசினேன்."

மாதப்பன் தலையைச் சொறிந்தார். "மாப்ள வாயத் தொறந்ததே இப்பத்தான். தொறந்ததும் பொய்யா?"

பொய் இல்லை என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பேசிப் பழகாதவனுக்கு இது ஒரு கஷ்டம்; நம்பும்படி பேசுவதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது. பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நடந்தான்னா, எப்படி நடந்தான்? சொல்லுங்க பாக்கலாம்."

சொல்லப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. எனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தேன். கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி எழுந்தேன். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே வைத்துக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறவன் போல, அம்மன் வாசலில், மாமியாரும் பங்காளிப் பெண்களும் பார்க்க, தத்தித் தத்தி நடந்தேன். ஒரு இடத்தில் ஆடினேன், நின்றேன், யோசித்தேன். அவன் யோசித்ததை விடக்கூடாது என்று பட்டது. பிறகு தொப்பென்று உட்கார்ந்தேன்.

முதலில் சிரித்தது மாமியார். அவர் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்ததை அதுவரை நான் கேட்டதில்லை. பிறகு எல்லாரும். மாதப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யம்மா, அம்மன் வாசல்ல நடந்தது மாப்ளதானே? நடந்தவங்களுக்குத்தானே கொழுக்கட்டை!"

போசியை எடுத்து என் காலடியில் கவிழ்த்தார். கொழுக்கட்டைகள் என் பாதத்தின்மேல் விழுந்து நாலா பக்கமும் உருண்டன. பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் குலவை போட்டது அந்த ஒரு முறைதான்.

ஒரு கொழுக்கட்டை மட்டும் சரிவில் நிற்காமல் உருண்டு, மாதப்பனையும் பூவம்மாளையும் தாண்டிப் போனது. கங்கப்பன் கூழாங்கல்லைப் போட்டான். கையை ஊன்றினான். பின்பக்கத்தைத் தூக்கினான்.

நான் பூவம்மாளைத்தான் பார்த்தேன். அவன் நடப்பதை நான் ஏற்கெனவே பார்த்தவன். அவள் மூச்சுவிடவில்லை. வாடா என்று கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் உட்கார்ந்துவிடுவானோ என்று பயந்தவள்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடிக்கொண்டு, அவளைத் தாண்டியே நடந்தான். கொழுக்கட்டையைப் பிடித்தான். மண்ணோடு வாயில் வைத்தான். அதன் பிறகுதான் அவள் ஓடிப்போய் அவனை அள்ளிக்கொண்டாள்.

அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். "அப்படியேதான் நடந்து காட்டுனீங்க" என்றாள். "நடுவுல நின்னு யோசிச்சான் பாருங்க, அதுகூட."

திரும்பி வரும்போது தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நல்ல கூட்டம். கங்கப்பன் அவள் மடியில் தூங்கினான். நான் புத்தகத்தை எடுத்தேன். அவள் அதை மெதுவாக வாங்கிக் கூடையில் வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு நடந்ததச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இப்படி இல்ல. மொதல்ல இருந்து. நான் சொம்ப எடுத்துகினு போனேன். அப்புறம்?"

மறுபடி சொன்னேன், தாள் பறந்ததையும் விடாமல். கெலமங்கலம் தாண்டியதும் புளியமரம் வந்தது. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, இங்கே உட்கார்ந்திருந்தான், அதோ அங்கே ஆடினான் என்றேன். அவள் கழுத்தை வளைத்து, மரம் மறையும்வரை அந்த வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

மூன்றாவது தடவை சொல்லும்போது கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. அவன் எழுந்ததுமே நான் புத்தகத்தை வீசிவிட்டு அவன் பின்னாலேயே கைகளை விரித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். ராயக்கோட்டை வந்தபோது கேட்டாள்:

"அது எத்தனையாவது பக்கம்?"